பேசாத பிள்ளையை எந்தக் கோலால் அளப்பது?



மாணவர் அடைவுநிலை அறிக்கையில் 'ஆசிரியர் குறிப்பு' என்று ஒரு சிறு கட்டம் உண்டு. அக்கட்டத்தில் ஆண்டுதோறும் நாம் எழுதிவரும் தொடர்களை எண்ணிப் பார்த்தால் பத்தைத் தாண்டா. அவற்றுள் ஒன்று 'அமைதியான மாணவர். முயற்சி தேவை' என்பது. சண்டை போடாத, கேள்வி கேட்காத, பின்வரிசையில் அமர்ந்து நாளைக் கழித்துவிட்டுப் போகும் பிள்ளைக்கு நாம் சூட்டும் பட்டம் அது. இடைநிலைப்பள்ளிக்குச் சென்றதும் அதே பிள்ளைக்குப் பட்டம் மாறுகிறது. அங்கே அவன் 'சோம்பேறி'. வீட்டிலோ 'கைப்பேசிப் பைத்தியம்'. இந்த மூன்று பட்டங்களையும் எதிர்த்தே இதனை எழுதுகிறேன். மூன்றுக்கும் துணைபோகிற மருத்துவ அளவுகோல்களையும் சேர்த்தே எதிர்க்கிறேன்.

பேசப்போகும் பொருள் மனப்பிறழ்வு. ஆங்கில வழக்கில் சைக்கோசிஸ் என்பர். அதன் நெடுங்கால வடிவங்களுள் ஒன்றை மனச்சிதைவு நோய் எனத் தமிழில் வழங்குகிறோம். இந்நோயின் அறிகுறிகளை மருத்துவர்கள் இரண்டாகப் பிரிப்பர். இல்லாதது தோன்றுவது ஒரு வகை: கேளாத குரல் கேட்டல், நடவாத சதியை நம்பல். இருந்தது மறைவது மற்றொரு வகை: முகத்தில் உணர்ச்சி மங்கல், பேச்சு வற்றல், பிறரோடு பழகும் நாட்டம் குன்றல், ஒரு செயலைத் தொடங்கும் உந்துதல் தளர்தல், இன்பத்தை நாடும் மனம் சுருங்கல். இந்த ஐந்தையும் 2005ஆம் ஆண்டு அமெரிக்க தேசிய மனநலக் கழகம் கூட்டிய வல்லுநர் கூட்டம் ஏற்றுக்கொண்டது. இவற்றுக்கு ஆங்கிலத்தில் உள்ள பெயரை அப்படியே பெயர்த்து 'எதிர்மறை அறிகுறிகள்' என எழுதுகிறோம். எனக்கு அச்சொல்லாக்கத்தில் உடன்பாடு இல்லை. 'எதிர்மறை' என்றதும் நம் பெற்றோர் எதிர்த்துப் பேசுகிற பிள்ளையை, கெட்ட எண்ணத்தை நினைக்கிறார்கள். இங்கே நிகழ்வது இழப்பு. ஆகவே 'இழப்பு அறிகுறிகள்' என்றே இக்கட்டுரையில் எழுதுகிறேன். குரல் கேட்டல் முதலியவற்றை 'மிகை அறிகுறிகள்' என்பேன். பெயர் சரியாக அமைந்தால்தான் பொருள் கண்ணில் படும் என்பது தமிழாசிரியனின் பிடிவாதம்; பொறுத்தருள்க.

அண்மையில் ஆசிரியர்களுக்கான பயிலரங்கு ஒன்றில் அமர்ந்திருந்தேன். உரையாற்றியவர் திரையில் மூன்று வரிகள் காட்டினார்: காதில் குரல், யாரோ பின்தொடர்கிறார் என்னும் அச்சம், தொடர்பற்ற பேச்சு. 'இவை இருந்தால் உடனே ஆலோசக ஆசிரியரிடம் அனுப்புங்கள். மற்றவை ஒழுங்குச் சிக்கல்கள்' என்றார். மண்டபம் முழுதும் தலையாட்டியது. 'மற்றவை' என்னும் அந்த ஒற்றைச் சொல்லுக்குள் எத்தனை பிள்ளைகளைப் போட்டு மூடினோம் என்று எவரும் கேட்கவில்லை.

அவரை மட்டும் குறை சொல்வதற்கில்லை. உலகக் கையேடுகளின் சுருக்கத்தைத்தான் அவர் ஓதினார். நோய் முற்றுமுன் 'இடர்நிலை'யில் உள்ள இளையோரைக் கண்டறிய இரண்டு நேர்காணல் முறைகள் உலகெங்கும் பெயர் பெற்றவை. ஒன்று, ஆஸ்திரேலியாவின் மெல்பர்ன் நகரில் ஆலிசன் யங், பேட்ரிக் மெக்கோரி ஆகியோரின் குழு உருவாக்கிய கார்ம்ஸ். அண்டை நாடான சிங்கப்பூரில் 14 முதல் 29 வயது வரையுள்ள இளையோரிடம் நடந்த லிரிக்ஸ் ஆய்விலும் அதுவே பயன்பட்டது. மற்றொன்று, அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் தாமஸ் மெக்கிளாஷனின் குழு உருவாக்கிய சிப்ஸ். இரண்டிலும் இழப்பு அறிகுறிகளைக் கேட்கும் பகுதி உண்டு. ஆனால் ஒருவர் இடர்நிலையில் உள்ளாரா என்று முடிவு கட்டும்போது அப்பகுதியின் மதிப்பெண் கணக்கில் சேர்வதில்லை. மெலிதான மிகை அறிகுறிகள் இருக்க வேண்டும். அல்லது சில நாளே நீடித்து மறைந்த மிகை அறிகுறிகள் இருக்க வேண்டும். அல்லது நெருங்கிய இரத்த உறவில் நோய் இருந்து, கூடவே அன்றாடச் செயல்திறனும் சரிந்திருக்க வேண்டும். 2013இல் வெளிவந்த அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் ஐந்தாம் கையேடு, மேலும் ஆராயவேண்டியவை என்னும் பகுதியில் இந்நிலைக்கு ஓரிடம் கொடுத்தது. அங்கும் தகுதிக்குரியவை மிகை அறிகுறிகளின் மெலிந்த வடிவங்கள் மட்டுமே.

அஃதாவது, ஒரு பிள்ளை இரண்டாண்டுகளாகச் சிறுகச் சிறுக மறைந்துகொண்டே இருந்தாலும், விசித்திரமாக ஏதேனும் சொல்லும்வரை வாயிற்கதவு திறவாது.

இதற்கு அவர்கள் சொல்லும் காரணம் பொய்யன்று. ஒதுங்கியிருத்தல், ஊக்கமின்மை ஆகியவை மனச்சோர்விலும் வரும், பதற்ற நோயிலும் வரும், வெறும் வளரிளமையிலும் வரும். அவற்றை வாயில்முறையாக வைத்தால் பாதி வகுப்பே உள்ளே வந்துவிடும் என்கிறார்கள். சரிதான். ஆனால், பிரித்தறிவது கடினம் என்பது நுட்பமாக அளக்க வேண்டும் என்பதற்குரிய காரணம். அளவாமல் விட்டுவிடுவதற்கு அதைக் காரணமாக்கலாமா? கட்டுரை திருத்துவதும்தான் கடினம். அதற்காகப் புறவய வினாக்களுக்கு மட்டும் மதிப்பெண் போட்டுவிட்டுப் போகிறோமா?

நோயின் போக்கைப் பின்னோக்கி ஆராய்ந்தவர்கள் சொல்வதைக் கேளுங்கள். செருமனியின் மான்ஹைம் நகரில் ஹைன்ஸ் ஹேஃப்னர் குழுவினர், முதன்முறை மனச்சிதைவோடு மருத்துவமனைக்கு வந்தவர்களின் வரலாற்றை ஆண்டாண்டாகக் கேட்டுப் பதிந்தனர். அவர்களுள் 73 விழுக்காட்டினருக்கு நோய் தொடங்கியது குரல்களோடு அன்று. சோர்வு, ஒதுக்கம், கவனச் சிதறல், உந்துதல் இழப்பு என்னும் சந்தடியில்லாத மாற்றங்களோடுதான் தொடங்கியது. முதல் மிகை அறிகுறி தோன்றுமுன் இவ்வாறு கழிந்த காலம் சராசரியாக ஏறத்தாழ ஐந்தாண்டு. ஐந்தாண்டு என்றால் இடைநிலைப்பள்ளியின் முதல் படிவத்திலிருந்து ஐந்தாம் படிவம் வரை! படிப்பு நின்று போவதும், நண்பர் விலகுவதும், வேலைக்குத் தகுதியின்றிப் போவதும் அந்த ஐந்தாண்டில்தான். பின்னாளில் குரல்களை அடக்க மருந்து கிடைக்கிறது. போன உந்துதலை மீட்டுத் தருவதில் மருந்துகளின் ஆற்றல் இன்றளவும் மிகக் குறைவு. நூறாண்டுக்கு முன்பே எமில் கிரேப்பலினும் ஆய்கன் புளூலரும் இவ்விழப்புகளை நோயின் மையத்தில் வைத்து எழுதினர். நடுவில் வந்தவர்கள்தாம் ஓசை போடும் அறிகுறிகளின் பின்னே ஓடினர்.

இனி, அளக்கிறார்களே, அந்த அளவுகோலின் தரத்தைப் பார்ப்போம். இங்கேதான் ஒரு மொழியாசிரியன் தலையிட உரிமையுண்டு என்று நினைக்கிறேன்.

சிப்ஸ் முறையில் இழப்பு அறிகுறிகளுக்கு ஆறு கூறுகள் உள்ளன. ஒவ்வொன்றும் 0 முதல் 6 வரை அளக்கப்படும். (நாமும் வகுப்பறை மதிப்பீட்டில் 6 வரைதான் அளக்கிறோம்; அந்த எண்ணுக்கும் ஆறு என்பதில் அப்படி என்ன மோகமோ!) ஆறனுள் ஒன்று 'எண்ண வளம்'. அதனை எப்படிச் சோதிப்பது? ஆங்கிலப் பழமொழிகளைச் சொல்லிப் பொருள் கேட்பார்கள். குஞ்சு பொரிக்குமுன் கோழிகளை எண்ணாதே, அட்டையைப் பார்த்து நூலை எடை போடாதே என்பன போன்றவை. பிறகு பந்துக்கும் ஆரஞ்சுக்கும் என்ன ஒற்றுமை என்பது போன்ற வினாக்கள் வரும். சொல்லுக்குச் சொல் பொருள் கூறினால் எண்ணம் வறண்டுவிட்டது என்று மதிப்பெண் ஏறும்.

தமிழ்ப்பள்ளி ஆசிரியர்களே, சிரிப்பு வருகிறதா? நம் பிள்ளைகளுக்குச் 'செய்யுளும் மொழியணியும்' என்ற தலைப்பில் முதலாம் ஆண்டு தொடங்கிப் பழமொழிகளைப் பொருளோடு மனப்பாடம் செய்விப்பவர்கள் நாம். பாடத்திட்டத்தில் உள்ள பழமொழியைக் கேட்டால், கடும் நோயில் இருக்கும் பிள்ளையும் பொருளை ஒப்பித்துவிடும். பாடத்திட்டத்தில் இல்லாத ஆங்கிலப் பழமொழியைக் கேட்டால், வகுப்பின் முதல் மாணவியும் விழிப்பாள். இரண்டு விடைகளும் மனத்தின் நிலையைச் சொல்லவில்லை. பாடநூலின் பக்கத்தைத்தான் சொல்கின்றன. பழமொழியை மலாய்க்கு மாற்றிவிட்டால் தீர்ந்தது என்று நினைப்பவர்கள், மலாய்ப் பழமொழியைத் தாய்மொழியாகக் கேட்டு வளர்ந்தவனுக்கும் தேர்வுக்காகப் படித்தவனுக்கும் உள்ள இடைவெளியை அறியாதவர்கள்.

அடுத்து, பேச்சு வறட்சி. நேர்காணலில் பிள்ளை எவ்வளவு பேசினான், கேட்டதற்கு மேல் தானாக எதையேனும் சொன்னானா என்பதை வைத்து அளக்கிறார்கள். எந்த மொழியில்? வீட்டில் தமிழ், ஆறாண்டு தமிழ்ப்பள்ளி. மருத்துவரிடம் மலாயிலோ ஆங்கிலத்திலோ தன் அகத்தை விரித்துரைக்க வேண்டும். 'யா', 'தடா', 'தா தாஹு' என்று மூன்று விடைகளோடு முடித்துக்கொள்வான். இது என் ஊகம் மட்டுமன்று. 1973இல் நியூயார்க்கில் லூயிஸ் மார்கோஸ் குழுவினர், ஸ்பானிய மொழி பேசும் மனச்சிதைவு நோயாளிகளை ஸ்பானியத்திலும் ஆங்கிலத்திலும் தனித்தனியே நேர்கண்டனர். ஆள் ஒருவரே, நோய் ஒன்றே. ஆயினும் ஆங்கில நேர்காணலைக் கொண்டு மதிப்பிட்டபோது நோய் மிகுதியாகத் தெரிந்தது! அரைநூற்றாண்டு கழிந்துவிட்டது. இன்றும் நம் பிள்ளைகளின் மௌனத்துக்கு மொழியைக் கேளாமலே மதிப்பெண் போடுவது அறிவியலா?

கண்ணோக்கமும் அப்படியே. பெரியவர் முன் கண் தாழ்த்தி நில் என்று சொல்லிக் கொடுப்பவர் நாம். அதே பிள்ளை வெள்ளைமேலங்கி அணிந்தவர் முன் கண் தாழ்த்தினால் 'உணர்ச்சி வெளிப்பாடு குறைவு' என்று எழுதப்படுகிறது. முகம் மங்கினாலே உள்ளம் மங்கிவிட்டது என்று கொள்வதும் தவறு. 1996இல் ஆன் கிரிங், ஜான் நீல் ஆகிய இருவரும் மனச்சிதைவு நோயாளிகளுக்குத் திரைப்படக் காட்சிகளைக் காட்டி ஆராய்ந்தனர். மற்றவர்களைவிட அவர்கள் முகத்தில் அசைவு குறைவு. ஆனால் உள்ளே உணர்ந்ததாக அவர்கள் சொன்ன உணர்ச்சி குறையவில்லை. 'கல்லாட்டம் உட்கார்ந்திருக்கான், ஒன்னும் உறைக்கலை' என்று பிள்ளையின் முன்னாலேயே பேசும் பெற்றோர் இவ்வாய்வை நினைவில் கொள்ள வேண்டும். உறைக்கிறது, ஐயா. முகம்தான் சொல்லவில்லை.

இன்பம் நாடும் மனத்தைப் பற்றியும் ஒரு நுட்பம் உண்டு. இலட்டு வாயில் இருக்கும்போது இனிக்கிறதா என்பது ஒன்று. நாளை இலட்டு கிடைக்கும் என்று இன்றே மனம் குதிக்கிறதா என்பது வேறொன்று. இந்நோயில் பெரிதும் குன்றுவது இரண்டாவதே என ஆய்வுகள் காட்டுகின்றன. ஆகவே, பிறந்தநாள் விருந்துக்குக் கட்டாயப்படுத்தி அழைத்துச் சென்றபோது பிள்ளை சிரித்தான் என்பதைச் சான்றாக்கி, 'பாருங்கள், எல்லாம் நடிப்பு' என்று முடிவுகட்டுவது பெரும் அநீதி. கேட்க வேண்டியது, அவனாக எதற்கேனும் புறப்பட்டானா என்பதுதான்.

சிப்ஸ் முறையின் மற்றொரு கூறு, பள்ளியிலோ பணியிலோ செயல்திறன் எப்படி என்பது. மதிப்பெண் சரிவை அறிகுறியாகக் கொள்கிறார்கள். அறிகுறியின் விளைவையே அறிகுறி என்று எண்ணினால் ஒன்றையே இருமுறை கூட்டுகிறோம் அல்லவா? புகுமுக வகுப்பில் ஓராண்டு இருந்துவிட்டு, பயிற்றுமொழி மாறிய பள்ளியில் நாற்பது பேருள் ஒருவனாக அமர்ந்திருக்கும் நம் பிள்ளைக்கு மதிப்பெண் சரிய வேறு காரணமே இல்லையா? தோட்டப் பள்ளியில் உடன் படித்த ஒன்பது பேரும் நான்கு பள்ளிகளுக்குச் சிதறிவிட்ட பிறகு 'நண்பர்கள் குறைவு' என்பது நோயா, பேருந்துத் தடத்தின் குறையா? பிறகாரணங்களால் வரும் இழப்பை மருத்துவர்கள் 'இரண்டாம் நிலை' என்று பிரித்தே பேசுகின்றனர். மனச்சோர்வு, பதற்றம், வாய்ப்பற்ற சூழல், போதைப்பொருள், ஏற்கெனவே உண்ணும் மருந்தின் மந்தம் எனக் காரணங்கள் பல. நூலில் பிரிக்கிறார்கள். இருபது நிமிடச் சந்திப்பில் எப்படிப் பிரிப்பார்கள்?

துறையினருள்ளேயே இக்குறையைக் கண்டவர்கள் உள்ளனர் என்பதையும் சொல்லவேண்டும். நெடுநாள் நோயுற்ற பெரியவர்களை மனத்தில் வைத்துச் செய்த அளவுகோல்களை வளரிளம் பருவத்தினர் மேல் வைப்பது பொருந்தாது என்று கண்டு, கிரெகரி ஸ்ட்ராஸ், விஜய் மிட்டல் முதலியோர் இடர்நிலை இளையோருக்கென்றே தனி அளவுகோல் உருவாக்கி வருகின்றனர். பழமொழி, வேலைத்திறன் ஆகியவற்றை விடுத்து, முன்சொன்ன ஐந்து இழப்புகளை நேராகக் கேட்கும் முயற்சி அது. வரவேற்கிறேன். ஆனால், தமிழ் பேசும் பிள்ளையிடம் தமிழில் கேட்கும் நாள் வரும்வரை என் வரவேற்பு பாதிதான்.

இவ்வளவு சொன்னதும் மறுகோடிக்கு ஓடுகிறவர்கள் உண்டு. 'உங்கள் பிள்ளைக்கு மனச்சிதைவா? ஐந்து அறிகுறிகள்' என்று புலனக் குழுக்களில் பகிர்கிறார்களே, அவர்களைத்தான் சொல்கிறேன். பெற்றோர்களே, அத்தகைய பட்டியலை வைத்து உங்கள் பிள்ளையை அளக்காதீர்கள். முறைப்படி நேர்கண்டு இடர்நிலையில் இருப்பதாக உறுதிசெய்யப்பட்டவர்களிலேயே பெரும்பாலோர்க்கு நோய் வருவதில்லை. 2012இல் வெளிவந்த தொகுப்பாய்வு ஒன்றின்படி ஓராண்டில் 22 விழுக்காட்டினருக்கும், மூன்றாண்டில் 36 விழுக்காட்டினருக்கும் நோய் வெளிப்பட்டது. அதுவும் தாமே உதவி நாடி மருத்துவ மையத்துக்கு வந்தவர்களின் கணக்கு; பின்வரிசையில் அமைதியாக இருக்கும் எல்லாப் பிள்ளைகளின் கணக்கு அன்று. நோய் வராமல் தடுக்கிறோம் என்று சொல்லி இவர்களுக்கு மனப்பிறழ்வு மருந்துகளைக் கொடுக்கக் கூடாது என்றும் 2014ஆம் ஆண்டின் பிரிட்டிஷ் நைஸ் வழிகாட்டி கூறுகிறது. பெயர் சூட்டுவது நம் வேலையன்று. ஆசிரியர் அறையில் ஒரு பிள்ளைக்கு நோய்ப்பெயர் சூட்டினால் அப்பெயர் அவனுக்கு முன்பே அடுத்த வகுப்பில் போய் அமர்ந்துகொள்ளும்.

அப்படியானால் நம் வேலை யாது? சென்ற ஆண்டு ஓர் அம்மா பழைய தமிழ்ப்பள்ளியைத் தேடி வந்தார். மகன் இரண்டாம் படிவம். குளிக்கச் சொன்னால்தான் குளிக்கிறான், கேட்டால்தான் பேசுகிறான். இடைநிலைப்பள்ளியில் மூன்று எச்சரிக்கைக் கடிதம். மருத்துவமனையில் 'முன்பு எப்படி இருந்தான்?' என்று கேட்டிருக்கிறார்கள். அம்மா 'நல்ல பிள்ளைங்க டாக்டர்' என்று மட்டுமே சொல்லியிருக்கிறார். வேறென்ன சொல்வார், பாவம்! எந்த அளவுகோலானாலும் அதன் முதல் வினா, இது எப்போதுமே இப்படியா, இடையில் வந்த மாற்றமா என்பதுதான். ஆறாண்டு அவனை நாள்தோறும் பார்த்தவர்கள் நாம். ஒரு பக்கம் எழுதிக் கொடுத்தேன்: ஐந்தாம் ஆண்டில் கதை சொல்லும் போட்டிக்குத் தானே பெயர் கொடுத்தான். ஓய்வு வேளையில் காற்பந்துக் குழு பிரிப்பவன் அவனே. கோபம் வந்தால் முகம் சிவக்கும், அடுத்த மணியில் சிரிப்பான். ஆறாம் ஆண்டு இரண்டாம் பருவத்தில் போட்டிக்கு வர மறுத்தான், காரணம் சொல்லவில்லை. நோய் என்றோ இல்லை என்றோ ஒரு சொல்லும் நான் எழுதவில்லை. அந்தத் தாளை மருத்துவர் இருமுறை படித்ததாகவும், அடுத்த சந்திப்புக்குத் தமிழ் தெரிந்த பணியாளர் ஒருவரை உடன் வைத்துக்கொண்டதாகவும் அம்மா வந்து சொன்னார். அவன் இப்போது மாதந்தோறும் சென்று வருகிறான். எந்தப் பெயரும் இன்னும் சூட்டப்படவில்லை; அதுவே நல்லது.

இத்தகைய தாள் கேட்டால்தான் எழுதப்பட வேண்டுமா? ஆறாம் ஆண்டு முடித்துச் செல்லும் ஒவ்வொரு பிள்ளைக்கும், தமிழிலும் மலாயிலும், ஒரு பக்கம் எழுதித் தனியாள் கோப்பில் வைத்து, ஒரு படியைப் பெற்றோரிடம் கொடுக்கலாம் என்கிறேன். எவ்வளவு பேசுவான், யாரோடு சேருவான், எதைத் தானாகத் தொடங்குவான், எதற்குச் சிரிப்பான், எப்போதிலிருந்து மாறினான்: ஐந்தே வரி. 'நல்லவன்', 'சோம்பேறி' போன்ற பெயரடைகள் வேண்டா. நடந்ததை எழுதினால் போதும். பெற்றோர் இதைப் பெற்றுக்கொண்டு பத்திரப்படுத்த வேண்டும். பிள்ளை பல வாரம் தொடர்ந்து மாறியிருந்தால், ஏசுவதற்கு முன் அருகிலுள்ள அரசு நலவாழ்வு நிலையத்துக்கு அத்தாளோடு செல்ல வேண்டும். தமிழில் பேச விரும்புகிறான் என்பதை முன்பதிவிலேயே சொல்ல வேண்டும்.

'இருக்கிற எழுத்துவேலை போதாதா?' என்று சிலர் கேட்கக்கூடும். போட்டிக் கோப்பும் பாராட்டு விழாக் கோப்பும் நிழற்படத்தோடு மூன்று படிகள் தயாராகும் பள்ளிகளில் இக்கேள்விக்கு நான் மறுமொழி சொல்வதாயில்லை. நாற்பது பேர் கொண்ட வகுப்பை நடத்தும் ஆசிரியர்க்கு மட்டும் சொல்கிறேன்: எல்லாருக்கும் எழுத நேரமில்லையெனில் கடைசியாக நினைவுக்கு வருகிற ஐந்து பேருக்கு எழுதுங்கள். பெயர்ப்பட்டியலைப் பாராமல் வகுப்பு மாணவர் அனைவரையும் நினைவிலிருந்து எழுதிப் பாருங்கள்; இறுதியில் வரும் ஐந்து பெயர்கள் எவை என்று தெரிந்துவிடும்.